நாலாவது இருக்கையில் ஸ்பிரிங் மாட்டவில்லை

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. கதை என்பது வலியில் பிறக்கும் என்று சொல்லிக்கொள்வது எங்களைப் போன்ற ஆட்களின் வழக்கம். வலி எனக்கும் இருந்தது, வலது முழங்காலில், நாலு வருஷமாக. அது என்னை ஒரு வரி எழுத வைக்கவில்லை. படிவம்தான் வைத்தது. இரண்டு பக்கம், பதினேழு கேள்வி. பதினாறுக்கு எழுதி முடித்து, பேனாவை மூடி, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மருத்துவமனையில் படிவம் வாங்கும் பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"சார், பதினேழு விட்டுட்டீங்க."

பதினேழாவது கேள்வி இது: அறுவை முடிந்து முதல் மூன்று வாரம் வீட்டில் உடன் இருப்பவர் யார்? பெயர், உறவு, கையொப்பம்.

"விடலைம்மா. அங்க போட ஆள் இல்ல."

"சொந்தக்காரங்க?"

"இருக்காங்க. பேசறதில்ல."

"பக்கத்து வீட்ல யாராவது?"

"பூட்டிக் கிடக்கு. ஒரு பூனை மட்டும் வந்து போகும்."

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பூனை கையெழுத்துப் போடுமா சார்?" என்றாள்.

"கேட்டுப் பார்க்கறேன்."

"கேட்டுட்டு பத்தாம் தேதிக்குள்ள கொடுத்துடுங்க. இது இல்லாம ஆபரேஷனுக்குத் தேதி போட மாட்டாங்க. புது மூட்டு வச்சவங்க தனியா இருக்கக் கூடாது சார். விழுந்துட்டீங்கன்னா எல்லாம் வீணாப் போயிடும்."

(எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்பதற்கு மூன்று வரைவுகள் கைவசம் உண்டு. கேட்பவரின் வயதைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன்.)

மேலே போவதற்கு முன் ஒரு விதி. இந்தப் பத்தியைக் கடைசியில்தான் எழுதிச் சேர்த்தேன், ஆனால் நீங்கள் முதலில் படித்தாக வேண்டும். வளைந்த அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் வாய்க்கொழுப்பு. சதுர அடைப்புக்குறிக்குள் வருவது என்னுடையது இல்லை. இந்தப் பிரதியைப் படித்த ஒருவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியவை அவை. ஒரு எழுத்தையும் மாற்றாமல், எழுதிய இடத்திலேயே வைத்திருக்கிறேன். அவர் யார் என்பதைக் கொஞ்ச நேரம் மறைக்கப் பார்ப்பேன். மூன்றாம் பகுதிக்குள் உளறிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம்:

"முழங்கால்தான் மனித உடலின் மிகப் பெரிய மூட்டு. வாழ்க்கையின் எடை முழுவதையும் அது ஒரு சொல்லும் பேசாமல் தாங்கி—"

இதற்கு மேல் போக எனக்கே வெட்கமாக இருந்தது. [நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்றுக்கு மேல். வாழ்க்கையின் எடையை நாங்கள் அளந்ததில்லை.]

இரண்டாம் தொடக்கம்:

"நான் குடியிருப்பது இரண்டாம் மாடியில். முப்பத்து நாலு படி. ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போதுதான் பாதி மடங்கிய முழங்கால் ஒரு நொடி யாருடையதோ ஆகிவிடுகிறது. விழமாட்டேன், ஆனால் விழுந்திருப்பேன் என்று தெரியும். அதனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறேன். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, 'என்ன சார், டான்ஸ் கிளாஸா?' என்றார். ஆமாம், அரங்கேற்றத்துக்குக் கூப்பிடுகிறேன் என்றேன். இப்போது வாரத்துக்கு இரண்டு முறைதான் இறங்குகிறேன். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது 'வந்துட்டேன்' என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. யாரிடம் சொல்கிறேன் என்று கேட்டால்—" [கைப்பிடி எந்தப் பக்கம்?]

இந்தத் தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இது என்னைப் பற்றியது. என்னைப் பற்றி எழுதினால் நான் அழகாகத் தெரிவேன், அது என் கைப்பழக்கம். எனவே கைவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்:

"ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஒருவன் இருந்தான். அடர்ந்த மீசை. ஆறு செயற்கை முழங்கால்களை ஓயாமல் நடக்க வைப்பது அவன் வேலை." [மீசை வேண்டாம்.]

சரி, மீசையை எடுத்தேன். மீசை போனதும் ஆணும் போனான். எஞ்சிய முகத்தைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு, அதைக் காணோம் என்று மேஜை மேல் தேடும் முகம். என் அக்கா.

(மூன்றாம் பகுதிகூட வரவில்லை. சொன்னேன் இல்லையா?)

3

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். செயற்கை மூட்டு செய்யும் ஒரு நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். [இருபத்தேழு.] இப்போது ஓய்வுபெற்று வேறொரு ஊரில் இருக்கிறாள், அவளும் தனியாக. கடைசியாக நாங்கள் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

அவளுடைய இயந்திரத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆறு இருக்கைகள். (அக்கா ஸ்டேஷன் என்பாள். எனக்கு ரயில் ஞாபகம் வருவதால் இருக்கை என்கிறேன்.) ஒவ்வொன்றிலும் ஒரு முழங்கால். மேலே, தொடையெலும்பின் முனைக்குப் பதிலாகப் பளபளக்கும் உலோகம். கீழே, கால் எலும்பின் தலைக்குப் பதிலாக வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. ஒரு நொடிக்கு ஓர் அடி. உடம்பில்லாமல், போக வேண்டிய இடமும் இல்லாமல், ஆறு முழங்கால்கள் நடந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் திரவம், மூட்டுக்குள் ஊறும் நீருக்கு மாற்றாக. வாரம் ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, கழற்றி, கழுவி, பிளாஸ்டிக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எடைபோட்டு, புதுத் திரவம் ஊற்றி, மறுபடி நடக்க விடுவாள்.

இருக்கைகளுக்குப் பெயர் உண்டு. ஒன்று சமத்து. மூன்று அழுமூஞ்சி, எப்போதும் ஒழுகும். ஐந்து பெரிய மனுஷன், சத்தம் ஜாஸ்தி. நாலுக்கு மட்டும் பெயர் கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

"அது ஒரு தொந்தரவும் பண்ணாதுடா. தொந்தரவு பண்ணாதவங்களுக்கு யார் பேர் வைக்கறா?"

4

இங்கே ஒரு கட்டுரை குறுக்கிடும். மன்னியுங்கள், கதைக்கு இது தேவை. நான் விளக்கினால் உங்களுக்கும் புரியாது எனக்கும் புரியாது என்பதால், அக்கா எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். அவள் வீட்டுச் சமையலறை. மேடை மேல் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு உருளைக்கிழங்கு.

உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்து, "இதைத் தொடாம விழாம நிக்க வை, பார்ப்போம்" என்றாள்.

தட்டை லேசாகச் சாய்த்தாள். கிழங்கு உருண்டு என் காலடியில் விழுந்தது.

"இதான் முழங்கால். மேல இருக்கற எலும்பு உருண்டை, கீழ இருக்கறது கிட்டத்தட்ட தட்டை. இடுப்பு மூட்டு மாதிரி குழிக்குள்ள உட்கார்ந்திருக்கறது இல்ல. அப்புறம் எப்படி நிக்குது?"

"கடவுள் செயல்."

"நார். ரெண்டு பக்கத்துலயும் ஒண்ணு ஒண்ணு, உள்ள குறுக்கா ரெண்டு. அந்த நாலு நாரும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதாலதான் நீ நடக்கற. எலும்பு பாரத்தைத்தான் தாங்கும். நிலையா நிக்க வைக்கறது நார்."

கிழங்கை எடுத்துக் கழுவிக் கிண்ணத்தில் வைத்தாள். கிண்ணத்தைச் சாய்த்தாள். கிழங்கு விழவில்லை.

"செயற்கை மூட்டு வைக்கும்போது உள்நார்ல முன்னாடி இருக்கறதை எடுத்துடுவாங்க, சில சமயம் பின்னாடி இருக்கறதையும். அப்போ அது செஞ்ச வேலையை யார் செய்யறது? பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் குழிவாப் பண்ணினா அது பிடிச்சுக்கும்."

"அப்போ எல்லாருக்கும் ஆழமான கிண்ணமாக் கொடுத்துட வேண்டியதுதானே?"

"இப்போ கிழங்கைத் தள்ளு."

தள்ளினேன். கிழங்கு கிண்ணத்தோடு சேர்ந்து மேடை மேல் நகர்ந்தது.

"பார்த்தியா? உருண்டை நகர முடியலன்னா அந்தத் தள்ளு கிண்ணத்துக்குப் போகும். அந்தக் கிண்ணம் எலும்புல ஒட்டியிருக்கு. ரொம்பப் பிடிச்சு வச்சா ஒட்டின இடம் ஒருநாள் கழண்டுக்கும். ரொம்ப விட்டா வழுக்கும். எவ்வளவு பிடிக்கறது, எவ்வளவு விடறதுன்னுதான்டா இத்தனை வருஷமா எல்லாரும் மண்டையை உடைச்சுக்கறோம்."

நடுவில் ஒரு முளை வைத்த பலகையும் உண்டு. பின்நாரை எடுத்துவிட்டவர்களுக்கு, முழங்கால் மடங்கும்போது மேலே உள்ள குறுக்குத் தண்டு அந்த முளையில் போய்த் தட்டி நிற்கும். நார் எதுவுமே தேறாதவர்களுக்குக் கதவுக்கு வைப்பதுபோல் கீல் வைத்து இரண்டு பாகத்தையும் கோத்துவிடுவார்கள். அது வழுக்கவே வழுக்காது, ஆனால் எல்லா இழுப்பும் எலும்புக்குள் போகும். [கீலிலும் சுழல விடுகிற வகை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டாதே.]

நிற்கும்போதும் முழுக்க மடக்கும்போதும் சரியாக இருக்கிற மூட்டு, பாதி மடங்கிய நிலையில், அதாவது படி இறங்கும்போது, தளர்வதும் உண்டு. உலோகத்தின் வளைவு நடுவழியில் மாறினால் அந்த இடத்தில் நார் கொஞ்சம் தொய்ந்து போகும் என்று காரணம் சொல்வார்கள். [சிலர் சொல்வார்கள். டாக்டர் இரண்டு பக்க இடைவெளியையும் எப்படிச் சமன் செய்தார் என்பதும் உண்டு. வடிவத்தை மட்டும் குற்றம் சொல்லாதே.]

அந்தக் கிழங்கை அன்றைக்குப் பொரியல் செய்து சாப்பிட்டோம். கட்டுரை முடிந்தது.

5

இனி அந்த வெள்ளிக்கிழமை.

புதிதாக வரைந்த ஒரு பலகை சோதனைக்கு வந்திருந்தது. பழையதைவிடத் தட்டை. முழங்கால் இன்னும் தாராளமாக மடங்கும் என்பது அதன் பெருமை. முதல் மூன்று இருக்கையில் பழைய குழிவான பலகை, அடுத்த மூன்றில் புதிய தட்டை. இயந்திரத்துக்கு நார் கிடையாது என்பதால் ஒவ்வொரு முழங்காலையும் இரண்டு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். [நாலு.] திரவம் மாற்றும்போது அவற்றைக் கழற்றி, வேலை முடிந்ததும் மாட்ட வேண்டும்.

மாலை நாலரை மணி. அக்கா கழுவி, எடைபோட்டு, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தாள். நாலாவது இருக்கைக்கு வரும்போது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "சொல்லு, வேலையா இருக்கேன்" என்றாள். அந்தப் பக்கம் இருந்தவன், "ஒரே நிமிஷம், ஒரு ஆரம்பம் எழுதியிருக்கேன், கேளேன்" என்றான். ஒரே நிமிஷம் இருபது நிமிஷம் ஆயிற்று. அவள் சிரித்தாள், ஒரு இடத்தில் "இது பழசுடா" என்றாள், ஐந்தையும் ஆறையும் மாட்டினாள், கண்ணாடிக் கதவைச் சாத்தினாள், சரியாக ஐந்துக்குப் பொத்தானை அழுத்தினாள், வீட்டுக்குப் போனாள். நாலாவது இருக்கையின் ஸ்பிரிங்குகள் தட்டில் கிடந்தன.

போன் செய்தவன் யார் என்று உங்களுக்கே தெரியும். [கூடத்துக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது. எடுத்துப் போனது என் தப்பு.]

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாலாவது முழங்கால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நடந்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் அடி. [2,26,800.] திங்கள் காலை எட்டு மணிக்கு அக்கா வந்து பார்த்தபோது, உலோகம் பலகையின் முன்விளிம்புவரை வழுக்கி வழுக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. விளிம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. [எல்லை தாண்டினால் நிறுத்தும் சுவிட்ச் உண்டு. அதற்கு அரை மில்லிமீட்டர் முன்னால் ஒவ்வொரு முறையும் திரும்பியிருக்கிறது. அதனால்தான் நிற்கவில்லை.]

கூடத்தின் விதிப்புத்தகம் இதற்கு ஒரே வரிதான் சொல்கிறது: தவறாக மாட்டிய இருக்கையின் அளவுகளை நீக்கிவிடு. நீக்கியிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அக்கா அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளை மாதிரி.

"டேய், நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். ஆனா நல்ல முட்டாள்தனம். அந்தத் தட்டைப் பலகை இத்தனை மாசமா பாஸ் ஆச்சே, பலகையாலன்னு நினைச்சோம். ஸ்பிரிங்காலடா. எங்க ஸ்பிரிங்குக்கு வயசாகாது. மனுஷங்க நாருக்கு ஆகும். நார் தொளதொளன்னு இருக்கற ஒருத்தருக்கு இதை வச்சா என்ன ஆகும்?"

"போய் உங்க மேனேஜர்கிட்ட சொல்லு."

"வெறும் கையோட போனா, மறந்துட்டு மழுப்பறேன்னு நினைப்பாங்க. அடுத்த வாரம் வேணும்னே கழட்டி வச்சு ஓட்டறேன். ஒரு பழசு, ஒரு புதுசு. ரெண்டு பலகையையும் எடுத்துக்கிட்டு மாசக் கடைசி மீட்டிங்குக்குப் போறேன். அப்போ நானே சொல்லிக்கறேன், முதல்ல மறந்துதான் போச்சுன்னு. இப்போதைக்கு உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

சொன்னபடி ஓட்டினாள். குழிவானது ஸ்பிரிங் இல்லாமலும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நடந்தது. தட்டையானது மறுபடி விளிம்புக்குப் போனது.

6

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதி அடித்தேன். அடித்தவற்றில் சில:

"எழுத்தாளனுக்கு எல்லாமே கச்சாப் பொருள்தான் என்கிற—"

"நகைச்சுவையாகத்தான் எழுதினேன், யாரையும் புண்படுத்தும் எண்ணம்—"

"பெயரை மாற்றித்தானே—"

நடந்தது இவ்வளவுதான். ஒரு வாரப் பத்திரிகை சிரிப்புக் கதை கேட்டது. என்னிடம் சரக்கு இல்லை. அக்கா சொன்னதை எழுதிக் கொடுத்தேன். ஸ்பிரிங் மாட்ட மறந்துவிட்டு வீட்டுக்குப் போன ஒரு பெண்மணி, அவள் இல்லாதபோது ஆட்டம் போடும் முழங்கால். நன்றாக வந்திருந்தது. அதுதான் கொடுமை. மாசக் கடைசிக்கு ஐந்து நாள் முன்பு பத்திரிகை வெளிவந்தது. அவளுடைய மேனேஜரின் மனைவி படித்துச் சிரித்து, மேனேஜருக்கு வாசித்துக் காட்டினார்.

அக்கா தன் இரண்டு பலகைகளோடு மீட்டிங்குக்குப் போனபோது, அவள் வாயைத் திறக்கும் முன்னே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேஜையில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும், மாட்டிக்கொண்டபின் சொல்லும் சாக்காகவே கேட்டது. நாலாவது இருக்கையின் அளவுகளை நீக்கினார்கள். வேண்டுமென்றே கழற்றி ஓட்டியதை இன்னொரு குற்றமாகச் சேர்த்தார்கள். அவள் நாற்காலியின் முதுகில் யாரோ நூல் கட்டி ஒரு ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓய்வுபெறும்வரை மீதி நாளைப் பெட்டிகளில் சீட்டு ஒட்டும் அறையில் கழித்தாள். இதெல்லாம் அவளோடு வேலை பார்த்த ஒருவர் பிறகு எனக்குச் சொன்னது.

(ஒன்றரை வருஷம் கழித்து அந்தத் தட்டைப் பலகை விற்பனைக்கு வந்தபோது முன்விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருந்ததாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. [இரண்டரை.])

அக்கா போனில் ஒரே ஒரு முறை பேசினாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லித் தப்பித்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

"நான் உனக்குச் சொன்னேன்டா. ஊருக்குச் சொல்லல."

அவ்வளவுதான். ஆறு வருஷம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கதை, மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு. அந்தப் பத்திரிகைக் கதையில் வரும் பெண்மணிக்குப் போன் வரவில்லை. அவள் பகல்கனவு கண்டுகொண்டே ஸ்பிரிங்கை மறக்கிறாள். போனை நான் எடுத்துவிட்டேன். கதைக்குச் சுருக்கமாக இருக்கும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலுவலகத்தில் அக்காவைக் குடைந்து கேட்டபோது அவளும் போனைப் பற்றிச் சொல்லவில்லை.

அவள் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்துக்கு நேராக ஓரத்தில் இடம் நிறைய இருக்கிறது. பென்சில் படவில்லை.

7

கதாபாத்திரங்கள் குறைவு என்று தோன்றினால், இதோ எலும்பு டாக்டர். நல்ல மனிதர். மேஜை மேல் இரண்டு மாதிரி மூட்டு வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து மடக்கி நீட்டிக்கொண்டே பேசுவார்.

"பின்பக்க நார் நல்லா இருந்தா வச்சுக்கலாம், அதுக்கேத்த பலகை போடலாம். இல்லன்னா எடுத்துட்டு முளை வச்சது. ரெண்டும் நல்லதுதான். திறந்து பார்த்துதான் முடிவு பண்ணுவேன். பலகையிலயும் குழிவு ஜாஸ்தி, கம்மின்னு இருக்கு. உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

"இந்தத் தட்டையா இருக்கறது..."

"அட, இதெல்லாம் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். எங்க அக்கா இதை நடக்க விட்டவங்க."

"அப்போ அவங்களைக் கேட்டுட்டு வாங்க" என்று சிரித்தார். அவருக்கு அது ஒரு பேச்சு. [நார் எப்படி இருக்கிறது என்று கையால் இழுத்துப் பார்த்தவர் அவர். நீ இல்லை, நானும் இல்லை. அவர் சொல்வதைக் கேள். நீ படி இறங்குகிறவன் என்பதை மட்டும் மறக்காமல் சொல். பாதி மடக்கத்தில் தளர்கிறது என்று சொல். அழகாகச் சொல்ல வேண்டாம்.]

கடிதம் எழுத உட்கார்ந்தேன். அம்மா பெயரை இழுத்திருக்கலாம், ஒரே ரத்தம் என்று அடித்துவிட்டிருக்கலாம். அதெல்லாம் கீல் வகை. கோத்துவிட்டால் கழலாது, ஆனால் ஒட்டியிருக்கும் இடம் வலிக்கும். தட்டையாக, "எப்படி இருக்கிறாய், நலமா?" என்றும் எழுதியிருக்கலாம். அது ஸ்பிரிங் இருப்பவர்களுக்கான வரி.

கடைசியில் கடிதமே எழுதவில்லை. இந்தக் கதையை எழுதினேன். இந்த முறை அவளைக் கேட்காமல் அச்சுக்குப் போகாது என்று மேலே ஒரு வரி எழுதி, பதினேழாவது கேள்வியையும் ஒரு தாளில் அப்படியே படியெடுத்து உள்ளே வைத்து, தபாலில் அனுப்பினேன்.

8

அனுப்பும்போது மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று. வாசல் மணி அடிக்கிறது. அக்கா, கையில் பை, கண்ணாடி நெற்றியில். உள்ளே வந்ததும் வராததுமாய், "ஃபேன்ல பார், எவ்வளவு தூசி. இதுல படுத்துக்கிட்டுதான் கதை எழுதறியா?" என்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியாதது.

முடிவு இரண்டு. மருத்துவமனை அனுப்பிய உதவியாள் மூன்று வாரம் இருக்கிறார். அவரும் நானும் மழை வருமா வராதா என்று பேசிக்கொள்கிறோம். ஐந்தாம் நாளிலிருந்து அதையும் பேசுவதில்லை. அவர் போன அன்று நான் நேராகப் படி இறங்கிக் கீழே போய், கீழ்வீட்டுக்காரரிடம் காட்டலாம் என்று கதவைத் தட்டுகிறேன். அவர் ஊரில் இல்லை.

முடிவு மூன்று. படிவத்தைக் கொடுக்காமல் விட்டுவிடுகிறேன். வாரம் இருமுறை இறங்குவது ஒருமுறை ஆகிறது, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு— [மூன்றே மாதத்தில் தொடைச் சதை மெலிந்துவிடும். அப்புறம் எந்த மூட்டு வைத்தும் பிரயோஜனம் இல்லை. இதை எடுத்துவிடு.]

எடுக்கவில்லை, அக்கா. அடைப்புக்குறிக்காக வைத்திருக்கிறேன்.

9

நேற்று உறை திரும்பி வந்தது. கடிதம் இல்லை. முதல் பக்கத்தின் தலையில் மட்டும் ஒரு வரி: [எண்களைத் திருத்திவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம்.] மற்றபடி நீங்கள் பார்த்தவைதான். பதினேழாவது கேள்வி எழுதிய தாளும் திரும்பி வந்திருக்கிறது. கையெழுத்து இல்லை. குறுக்கே கோடும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுதி அழித்த தடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டேன். (இந்த வயதில் ஒருவன் செய்கிற வேலையா இது?) சுத்தமான தாள்.

குறிப்புகளை மறுபடி மறுபடி படித்தேன். எல்லாம் திருத்தம், இல்லாவிட்டால் கண்டிப்பு. இருபத்தேழு, நாலு, இரண்டரை, மீசை வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் அப்படி இல்லை. இரண்டாம் பகுதியில், நான் படி இறங்கும் இடத்தில், கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறாள்.

அது சோதனைக்காரியின் கேள்வியாக இருக்கலாம். எந்தக் கை எந்தக் காலுக்கு உதவுகிறது என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட விடமாட்டாள். வேறு மாதிரியும் இருக்கலாம். ஒருவனைப் பிடித்து இறக்க வேண்டிய ஆள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரிந்துகொள்ளவும் இதைக் கேட்பார்கள்.

இன்று ஏழாம் தேதி. படிவத்துக்கு மூன்று நாள் இருக்கிறது. பூனை வந்துவிட்டுப் போனது. நான் கேட்கவில்லை.

காலையில் போய்க் கைப்பிடியைப் பார்த்தேன். இறங்கும்போது இடது பக்கம், அக்கா. என்னுடைய கெட்ட கால் வலது, அந்தப் பக்கம் வெறும் சுவர்தான். கீழேயிருந்து ஒன்பதாவது படியில் கைப்பிடி ஆடுகிறது. இரண்டு திருகு கழன்றிருக்கிறது. இத்தனை வருஷமாக அதைப் பிடித்துத்தான் இறங்கியிருக்கிறேன், இன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்த ஒன்பதாம் பகுதியை அவள் இன்னும் பார்க்கவில்லை. இன்றே தபாலில் சேர்க்கிறேன், விரைவுத் தபாலில். அவள் கைக்குப் போகாமல் உங்கள் கைக்கு வராது.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்துக்கு வந்ததும் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவன் நழுவிக்கொள்வான். நானும் பல தடவை செய்திருக்கிறேன். இந்த முறை மன்னிக்க வேண்டும். உங்களிடம் பென்சில் இருந்தாலும் கீழே எழுதாதீர்கள். அது உங்களுக்காக விட்ட இடம் இல்லை.

அங்கே ஒன்றும் எழுதாமல் இருந்தாலும் அவசரப்பட்டு எதையும் முடிவு கட்டிவிட வேண்டாம். அக்கா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்ல மாட்டாள், மாட்டேன் என்றும் சொல்ல மாட்டாள். வருவதாக இருந்தால் வந்து நிற்பாள். வராவிட்டால் இல்லை. இரண்டுக்கும் முன்னால் இருக்கும் அமைதி ஒரே மாதிரிதான் இருக்கும்.

[                    ]